முதுமையும் இனிப்பு நீரும்



எங்கள் பள்ளிக்கு அருகில் ஒரு பெரியவர் இருக்கிறார். பல ஆண்டுகள் பால்மரம் சீவியவர். பிறகு செம்பனைக் காட்டில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பின், தினமும் காலையில் பேத்தியைக் கைப்பிடித்து அழைத்து வந்து பள்ளி வாசலில் விட்டுப் போவார். ஒரு வாரம் அவரைக் காணவில்லை. பேத்தியிடம் விசாரித்தோம். "தாத்தா காலிலே புண்ணு, டீச்சர். வீட்டுத் தரையெல்லாம் இரத்தக் கறை. அது தாத்தாவுக்கே தெரியலே" என்றாள் அந்தப் பிள்ளை.

செம்பனை முள் தைத்த காயம் அது. உள்ளுக்குள்ளே சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போனபோது, "ஏன் ஐயா, முன்னமே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இன்னும் நம் காதிலேயே நிற்கிறது. "வலிச்சாத்தானே டீச்சர் சொல்றதுக்கு? வலிக்கவே இல்லையே!"

நேயர்களே, இனிப்பு நீர் வியாதி என்று நாம் சொல்கிற நீரிழிவின் குணம் இதுதான். அது சத்தம் போடாமல் வேலை செய்கிறது. நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் வயிற்றில் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சீனியை உடம்பு பயன்படுத்திக்கொள்ள இன்சுலின் என்னும் சுரப்பு நீர் வேண்டும். அது போதாமல் போனாலும், சரியாக வேலை செய்யாமல் போனாலும், சீனி இரத்தத்திலேயே தேங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படித் தேங்கினால் நரம்பு, கண், சிறுநீரகம், இருதயம் எல்லாம் பழுதாகின்றன. கால் நரம்பு மரத்துப்போனால், முள் குத்தினாலும் தெரிவதில்லை. பால்மரப் பட்டையில் நோய் கண்டால் உடனே மருந்து பூசிய நாம், நமது பாதத்தைக் குனிந்து பார்ப்பதில்லை!

2023-ஆம் ஆண்டில் நமது நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவருக்கு இந்த வியாதி இருக்கிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தாரில் இந்தியர்களிடமே இது அதிகம். அதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. வியாதி உள்ள ஐந்து பேரில் இருவருக்கு அது தமக்கு இருப்பதே தெரியாது.

"வயசானா வரத்தானே செய்யும், எல்லாம் தலையெழுத்து" என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மைதானா? இதை ஆராய்ந்து பார்த்த ஒரு மருத்துவரின் கதையைக் கேளுங்கள்.

சீனாவின் வடகிழக்கில் தா சிங் என்று ஒரு நகரம். எண்ணெய்க் கிணறுகளை நம்பி எழுந்த தொழிலாளர் நகரம் அது. 1986-ஆம் ஆண்டில் பான் சியாவ்ரென் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அங்கே 33 மருந்தகங்களின் மூலம் 1,10,660 பேருக்குச் சோதனை செய்தார்கள். அவர்களில் 577 பேர் வியாதியின் வாசற்படியில் நின்றார்கள். அதாவது, இரத்தத்தில் சீனி சற்று ஏறியிருந்தது. ஆனால் நீரிழிவு என்று சொல்லும் அளவுக்கு ஏறவில்லை.

இவர்களில் ஒரு பகுதியினரை வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். மற்றவர்களை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு உணவு முறையையும், ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியையும், ஒரு குழுவுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை உயர்ந்த மருந்து எதுவும் கொடுக்கவில்லை. காய்கறியைக் கூட்டு, சீனியையும் மதுவையும் குறை, பருமனாக இருந்தால் மெல்ல மெல்ல எடையை இறக்கு என்பதே உணவுப் பாடம். வழக்கத்தைவிட நாளொன்றுக்கு இருபது நிமிடம் வேகமாக நட, அல்லது அரை மணி நேரம் மெதுவாக நட என்பது பயிற்சிப் பாடம். சிறு சிறு கூட்டமாக உட்கார வைத்து, முதல் மாதம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று ஆறு ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரே நாளில் எந்தப் பாடமும் மனத்தில் பதியாது என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதுதானே!

ஆறு ஆண்டு முடிந்தது. சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. பாடம் கேட்டவர்களில் நூற்றுக்கு 41 முதல் 46 பேருக்கே வந்தது.

கதை அதோடு முடியவில்லை. அதே மனிதர்கள் மூப்பு எய்தும் வரை ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முப்பது ஆண்டுக் கணக்கை 2019-இல் வெளியிட்டார்கள். பாடம் கேட்டவர்களுக்கு வியாதி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாக வந்தது. இருதய நோயும் கண் கோளாறும் அவர்களிடம் குறைவு. ஆயுளும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கூடியது.

நான்கு ஆண்டு என்றால் சிறிய காலமா? முதலாம் ஆண்டில் நீங்கள் கைப்பிடித்துக் கொண்டுவந்து விட்ட பேரப்பிள்ளை நான்காம் ஆண்டை முடித்துவிடும். அவ்வளவு காலமும் நோயில்லாக் காலோடு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நடக்கலாம்.

"அது சீனர்களுக்கு, நம்மவர்களுக்குப் பலிக்குமா?" என்று கேட்கலாம். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவையும் திருத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. ஆகவே, நம்மவர் உடம்பும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

சரி, தோட்டத்தில் இருக்கும் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ஓய்வு பெற்ற பிறகும் நடை நிற்கக் கூடாது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால்கள் திடீரென்று நாற்காலியில் அமர்ந்துவிடுகின்றன. சோற்றுத் தட்டின் அளவோ மாறுவதில்லை. வெயில் தாழ்ந்த பிறகு அரை மணி நேரம், செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கட்டும். துணைக்குப் பிள்ளைகள் போகட்டும்.

இரண்டாவது, அந்தத் தேநீர்க் கோப்பை. டின் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சீனிதான். நாளைக்கு நான்கு கோப்பை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் ஒரே நாளில் கோப்பையைப் பிடுங்காதீர்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து குறைத்தால் அவர்களுக்கும் மனம் கோணாது.

மூன்றாவது, சோதனை. அரசாங்கக் கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று கருதி, தேவையானால் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். வியாதி உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணையும் காலையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் வலியும் இல்லை, பயமும் வேண்டாம்.

நான்காவது, மருந்து. "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவது பெரும் தவறு. ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்து விழுங்குவதும் தவறு. கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் உறையைப் படித்துக் காட்டலாம்.

முதியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மருந்தை உண்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். திடீரென்று வியர்த்துக் கை நடுங்கினாலும், பேச்சுத் தடுமாறினாலும், அவர் விழிப்போடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள்; தெளிந்த பின் உணவு கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். சீனி இறங்கி மயங்குவதும் கீழே விழுவதும் முதுமையில் பெரும் ஆபத்து. ஆகவே, இரத்தத்தில் சீனியை எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும்.

கடைசியாக, பாதம். தினமும் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்க்க வேண்டும். செருப்பையும் பூட்ஸையும் உதறிவிட்டுத்தான் அணிய வேண்டும். சிறு கொப்புளமானாலும் மறைக்காமல் கிளினிக்கில் காட்ட வேண்டும். "காலை எடுத்துவிடுவார்கள்" என்று பயந்து மறைத்தவர்கள்தாம் காலை இழந்திருக்கிறார்கள். ஆகவே புண்ணைக் காட்டுகிற பெரியவரை ஒருபோதும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்.

நாம் முதலில் சொன்ன பெரியவர் இப்போது மீண்டும் பள்ளி வாசலுக்கு வருகிறார். நடை சற்றுத் தாங்கல்தான். ஆனாலும் தினமும் மாலையில் பாடம் எழுத உட்காருமுன், அவர் பேத்தி தாத்தாவின் இரு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுகிறாளாம். "எங்க வீட்டு டாக்டரம்மா" என்று சொல்லிச் சிரிக்கிறார் அவர்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். இன்று இரவே அவர்கள் பாதத்தை ஒரு முறை பாருங்கள்.