செட்டை கையான விதம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நமது கையேயாகும். ஒவ்வொருவரும் தத்தம் கையைச் சற்றுத் தொட்டுப் பார்ப்பீர்களாக. தோளிலிருந்து முழங்கை வரை ஓர் எலும்பு, அங்கிருந்து மணிக்கட்டு வரை இரண்டு எலும்புகள், அதன்பின் சிற்றெலும்புகள் பல, இறுதியில் விரல்கள். பறவையின் சிறகு, வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகியவற்றிலும் அடிப்படையில் இவ்வமைப்பே காணப்படுகின்றது. ஒன்று, இரண்டு, பல என்னும் இவ்வொழுங்கு எங்கிருந்து வந்தது? மீனின் செட்டையினின்று வந்தது என்பதே பிராணி நூலார் கண்ட முடிபு.

நாம் சந்தையிற் காணும் மீன்களின் செட்டை பெரும்பாலும் விசிறிபோன்று மெல்லிய கதிர்களால் ஆயது. ஆதியிலோ தசைப்பற்றுள்ள செட்டையையுடைய மீன்கள் பல வாழ்ந்தன. கானடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில், மிகுவாஷா என்னுமிடத்துப் பாறைகளிற் கிடைத்த யூஸ்தெனாப்டிரான் அவற்றுள் ஒன்று. சுமார் 38 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட அம்மீனின் முன்செட்டையினுள் முதலில் ஓர் எலும்பும், அதனையடுத்து இரண்டு எலும்புகளும் உள. விரல் மட்டும் இல்லை.

இனி, செட்டை காலாக மாறியது எதன்பொருட்டு? குளங்கள் வற்றியபோது மீன்கள் வேறு நீர்நிலையை நாடித் தரையில் ஊர்ந்தன என்றும், அத்தேவையே கால்களைத் தோற்றுவித்தது என்றும் அமெரிக்கப் பேராசிரியர் ரோமர் கருதினார். இக்கொள்கை நெடுங்காலம் செல்வாக்குற்றிருந்தது. கேட்பதற்கு இனிதேயாயினும், பாறைகள் கூறிய சான்று வேறாயிற்று.

1987ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜென்னி கிளாக் அம்மையார் கிழக்குக் கிரீன்லாந்து சென்று, சுமார் 36 கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அகாந்தோஸ்டெகா என்னும் பிராணியின் எலும்புகளைக் கொணர்ந்தார். அதற்கு விரல்கள் இருந்தன. ஆனால் ஐந்தல்ல, முன்காலொன்றில் எட்டு! இதனை அம்மையாரும் மைக்கேல் கோட்ஸ் என்பவரும் 1990இல் வெளியிட்டனர். அப்பிராணிக்குச் செவுளும் மீன்வாலும் இருந்தன; அதன் முன்கால் தரையில் உடற்பாரத்தைத் தாங்கத்தக்கதாக இல்லை. ஆகவே விரலுள்ள கால் நீரினுள்ளேயே தோன்றியது என்பதும், தரைமீது நடத்தல் பின்னரே வந்தது என்பதும் புலனாயின. ஆழமற்ற நீரில் செடிகொடிகளிடையே உந்திச் செல்ல அக்கால் உதவியிருத்தல் கூடும்.

செட்டைக்கும் காலுக்கும் இடைப்பட்ட நிலை ஒன்று இருந்திருக்க வேண்டுமன்றோ? அதற்குரிய வயதுடைய பாறைகளைத் தேர்ந்து, நீல் ஷூபின், டெட் டேஷ்லர் முதலியோர் 1999 முதல் கானடாவின் வடதுருவப் பிரதேசத்தில் தேடினர். 2004இல் எல்ஸ்மியர் தீவில் அவர்தம் உழைப்பு பலித்தது. சுமார் 37½ கோடி ஆண்டுகட்கு முற்பட்ட டிக்டாலிக் அகப்பட்டது. செதிலும் செட்டைக் கதிரும் மீனுக்குரியன. அசையும் கழுத்தும், செட்டையினுள் மணிக்கட்டை ஒத்த எலும்புகளும் நிலப்பிராணிக்குரியன. போலந்து தேசத்தில் இதனினும் பழமையான, காலடிகள் எனக் கருதப்படும் சுவடுகள் கிடைத்தமை 2010இல் வெளியாயிற்று. ஆதலின் டிக்டாலிக்கை நேர் மூதாதை எனக் கொள்ளாது, அவ்வழியின் நெருங்கிய உறவு எனக் கொள்ளலே தகும்.

உயிருள்ள மீனும் இதற்குச் சாட்சி பகர்கின்றது. நமது விரல்கள் உருவாவதற்கு வேண்டிய மரபணுக்களே வரிமீனின் செட்டை நுனியையும் அமைக்கின்றன என்று ஷூபினின் ஆராய்ச்சிக்கூடத்தார் 2016இல் காட்டினர்.

அன்பர்களே! தேவை பிறந்ததும் உறுப்பு பிறக்கும் என எண்ணுதல் எளிது. இயற்கையோ வருவதுணர்ந்து எதனையும் ஆயத்தம் செய்வதில்லை. நீரில் ஒரு காரியத்துக்கு உதவிய உறுப்பு பின்னர் நிலத்தில் வேறொரு காரியத்துக்கு உதவிற்று. எட்டு விரல் ஐந்தாகாதிருந்தால், நாம் பத்துப் பத்தாக எண்ணவும் பழகியிருக்கமாட்டோம் போலும்! வீட்டிற்கு மீன் வாங்குங்கால் அதன் செட்டையை நம் குழந்தைகட்குக் காட்டி, இவ்வரலாற்றைச் சொல்வோமாக.