மெட்ராஸ் கோடைக்கு வந்து சேர்ந்த பாஸ்டன் பனி

திரையில் நீங்கள் பார்ப்பது சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் இருக்கும் விவேகானந்தர் இல்லம். முகப்பு வட்டமாக இருக்கிறது, கவனித்தீர்களா? 1842-ல் இதைக் கட்டியபோது யாரும் குடியிருக்கக் கட்டவில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைப் பத்திரப்படுத்தக் கட்டினார்கள்.

ஐஸுக்காக அமெரிக்கா வரை போக வேண்டுமா? வட இந்தியாவில் அதற்கு முன்பே ஐஸ் செய்யத் தெரிந்திருந்தது. அலகாபாத் பக்கம் குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, வைக்கோல் மேல் வரிசையாக வைப்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் விடிவதற்குள் மெல்லிய ஐஸ் படிந்துவிடும். அதை அள்ளிக் குழியில் இட்டுக் கோடைக்குச் சேர்த்து வைப்பார்கள். மெட்ராஸில் அந்த வித்தை பலிக்காது. மார்கழி இரவிலும் இங்கே குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அக்னி நட்சத்திரம் வந்தால் மண்பானை, வெட்டிவேர், பனையோலை விசிறி, இவைதான் துணை.

இந்த வெயிலில் ஒரு சந்தையைக் கண்டவர் பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர். 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் ஐஸ் சுமையை அனுப்பினார். ஊரே சிரித்தது. கடன் முற்றிச் சிறைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை. அவருடன் வேலை செய்த நதானியேல் வையத், குதிரை இழுக்கும் வெட்டுக் கருவி ஒன்றைச் செய்தார். உறைந்த ஏரியை அது ஒரே அளவுச் சதுரங்களாகக் கீறியது. ஒரே அளவாக இருந்ததால் கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. காற்று புகவில்லை, உருகுவதும் குறைந்தது. சுற்றிலும் மரத்தூள். மர அறுவை ஆலைகளில் வீணாகக் கிடந்த தூள் அது. என் பார்வையில் இந்த வரலாற்றின் உண்மையான கண்டுபிடிப்பு அந்த மரத்தூள்தான்.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கிளம்பியது. பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா வந்தது. ஏறக்குறைய 100 டன் உருகாமல் மிஞ்சியிருந்தது! பிறகு பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் ஐஸ் வந்தது.

அப்போது மெட்ராஸில் துறைமுகம் இல்லை. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் எந்தச் சரக்கும் அலை தாண்டிக் கரைக்கு வரும். ஐஸும் அப்படித்தான். அதை வாங்கியவர்கள் ஐரோப்பியர்களும் வசதி படைத்தவர்களும். அலையோடு போராடிக் கரை சேர்த்த படகோட்டிகளின் வீட்டில் மண்பானைத் தண்ணீர்தான். இதையும் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

1870களில் நீராவி இயந்திரம் கொண்டு இந்தியாவிலேயே ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். கப்பல் ஐஸுக்கு மவுசு போனது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கினார். 1963-ல் அவர் பெயரையே கட்டடத்துக்கு வைத்தார்கள்.

கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் என்று மூன்று ஊர்களிலும் ஐஸ் கிடங்குகள் இருந்தன. இன்று நிற்பது சென்னையில் உள்ளது மட்டும்தான். மெரினா பக்கம் போனால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவசியம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.