பனியின் மேல் நீட்டிய கைகள்

பழைய ஐரோப்பிய நூல்களிலே சிறைச்சாலைகளையும் சமய வதைகளையும் காட்டும் செப்புத்தகட்டுச் சித்திரங்கள் பல உள. அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று கூற விரும்புகின்றேன்.

கி.பி. 1685ஆம் ஆண்டில், ஒல்லாந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரிலே, 'தியாகிகளின் கண்ணாடி' என்னும் பெருநூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. சமயக் கொள்கைக்காக உயிர் நீத்தோரின் வரலாறுகளைத் தீலமன் வான் பிராக்ட் என்பார் அந்நூலில் திரட்டியிருந்தார். யான் லாய்கன் என்னும் ஓவியர் அப்பதிப்புக்கு 104 சித்திரங்களை ஆக்கி அளித்தார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, கீறிய கோடுகளை அமிலத்தால் அரிக்கச் செய்து, மையிட்டு அச்சிடும் முறை அது. ஒரே தகட்டிலிருந்து பல நூறு பிரதிகள் எடுக்கலாம். ஆதலின், ஓர் ஊரில் நிகழ்ந்த கொடுமையைப் பல ஊராரும் காண முடிந்தது.

அச்சித்திரங்களுள் மிகவும் பெயர்பெற்றது டிர்க் வில்லெம்ஸ் என்பவருடையது. அறிவறிந்த பருவத்திலேயே ஞானஸ்நானம் பெறுதல் வேண்டும் என்னும் கொள்கையுடையவர் அவர். கத்தோலிக்கனாகிய ஸ்பானிய மன்னனின் ஆட்சியில் அது மரணதண்டனைக்குரிய குற்றம். ஆஸ்பெரன் என்னும் ஊரிலே சிறையிடப்பட்ட டிர்க், துணிகளை முடிந்து கயிறாக்கி இறங்கி, உறைந்திருந்த நீர்நிலையைக் கடந்து ஓடினார். துரத்தி வந்த காவலனோ, பனிக்கட்டி உடைந்து நீருள் வீழ்ந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். உயிர் பிழைத்த காவலன் அவரைப் போகவிட விரும்பினான். நகரத் தலைவரோ அவன் செய்த சத்தியத்தை நினைவூட்டி, பிடிக்கச் செய்தார். 1569ஆம் ஆண்டு மே மாதத்தில் டிர்க் தீயிலிடப்பட்டார்.

அத்தீயை லாய்கன் வரையவில்லை. அமிழ்கின்றவனை நோக்கிக் குனிந்து, இரு கைகளையும் நீட்டும் டிர்க்கையே வரைந்தார்.

அந்நூல் அச்சேறிய காலத்தில், எமது நாட்டின் கரையோரங்களை ஆண்டவரும் ஒல்லாந்தரே. அவர்கள் இங்கே கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தனர். 1687ஆம் ஆண்டில் யோசேவாஸ் அடிகளார் மாறுவேடம் பூண்டே இலங்கைக்கு வர நேர்ந்தது. அங்கே ஒடுக்கிய சமயம், இங்கே ஒடுக்கப்பட்டது.

வதையைக் காட்டும் படங்கள் பார்ப்போர் நெஞ்சிற் சினத்தை மூட்டுதல் இயல்பு. எரித்தவர் யார் என்று கேட்பது எளிது. அதிகாரம் எம் கையில் உள்ளபோது, நீரில் தத்தளிப்பவனுக்கு நாம் கைகொடுப்போமா என்று கேட்பதே அரிது. அவ்வரிய வினாவை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சித்திரம் எழுப்பி வருகின்றது.