எத்தனை தடவை எம்.எல்.ஏ. ஆகலாம்?

(ராயப்பேட்டையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுவில் ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பை மாத்தி மாத்திக் கொடுக்கிறோம். அதே மாதிரி எம்.எல்.ஏ.வுக்கும் இத்தனை தடவைதான் என்று வரம்பு வைக்கலாமா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு.

நம்ம நாட்டில் அப்படி வரம்பு இல்லை. ஜனங்க ஓட்டுப் போட்டால் எத்தனை தடவையும் வரலாம். கலைஞர் 1957-ல் குளித்தலையில் ஆரம்பித்து மொத்தம் 13 முறை ஜெயித்தார். இங்கே பக்கத்தில் சேப்பாக்கத்தில் மட்டும் 1996, 2001, 2006 என மூன்று முறை. வரம்பு இருந்தால் இப்படிப்பட்ட அனுபவம் சட்டசபைக்குக் கிடைக்காது. புதுசா வந்தவங்க அதிகாரி சொன்னதுக்குத் தலையாட்டுவாங்க என்கிறார்கள். அது நியாயம்தான்.

ஆனால் பழையவரே உட்கார்ந்திருந்தால் புதியவருக்கு இடம் ஏது? 2021 தேர்தலில் 234 பேரில் ஜெயித்த பெண்கள் 12 பேர்தான். இதுவும் நியாயம்தானே?

சரி, வரம்பு வைத்தால் எல்லாம் சரியாகிடுமா? பிலிப்பைன்ஸ் நாட்டில் 1987 அரசியல் சட்டப்படி, கீழ்சபை உறுப்பினர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது. பல ஊர்களில் அவர் இறங்கினதும் மனைவியோ மகனோ நிற்கிறாங்க. அடுத்து அவரே திரும்பவும் வருகிறார். ஆள் மாறினாலும் வீடு மாறலை.

எனக்குப் பெரிசாத் தெரிவது வேறு. உள்ளாட்சியில் நமக்குப் பாதி இடம் இருக்கு. ஆனால் சுழற்சியில் பெண்கள் வார்டு பொது வார்டாக மாறிவிடும். அதிலும் பெண் நிற்கலாம், சட்டம் தடுக்கலை. கட்சிதான் சீட்டு கொடுக்க யோசிக்கும். வேலையைக் கற்றுக்கொண்டு ரோடு, தண்ணி, லைட் என்று ஓடியவள் வீட்டுக்குப் போகணும். 2023-ல் நிறைவேறிய மூன்றில் ஒரு பங்கு சட்டத்திலும், பெண்களுக்கு ஒதுக்கும் தொகுதிகள் மாறும் என்றுதான் இருக்கு. அப்போ ஆண்களுக்கு வரம்பே இல்லை, பெண்ணுக்கு மட்டும் சொல்லாத வரம்பு!

அதனால் நான் சொல்வது இதுதான். வரம்பு வைத்தால் எல்லாருக்கும் வைக்கணும். தொடர்ந்து மூன்று முறை, பிறகு ஒரு முறை இடைவெளி. பெண்கள் தொகுதி பொதுவாக மாறினாலும், நல்லா வேலை செய்தவளுக்குக் கட்சி சீட்டு கொடுக்கணும். கொடுக்கலைன்னா ஓட்டு கேட்டு வரும்போது நாம கேட்கணும்.

நம்ம குழுவில் பழைய ஊக்குநர் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து தீர்மானப் புத்தகம், பாஸ்புக் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறாங்க. அதனால்தான் ஆள் மாறினாலும் கணக்கு தவறுறதில்லை. சட்டசபைக்கும் அந்தப் பழக்கம் வரட்டும்.