பெயர் இங்கே, ஆள் எங்கே?

பட்டம் பெறும் பிள்ளைகளே,

நம் பாலசமுத்திரம் பேரூராட்சியில் தேர்தல் நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பூத் ஏஜென்ட் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர் பெயரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். மதியம் தாண்டியும் அடிபடாத பெயர் இருந்தால் வீட்டு வாசலுக்கே ஆள் வந்துவிடும்: "என்ன பெரியம்மா, இன்னும் காணோமே?" சென்னை அடுக்குமாடியில் அப்படிக் கூப்பிட வருபவரை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்.

2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழகப் பேரூராட்சிகளில் பதிவானது 74.68 சதவீதம், சென்னை மாநகராட்சியில் 43.59. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரி 81.20, மத்திய சென்னை 53.96. வீடு மாறியவர்கள், இறந்தவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் தங்கிவிடுவதால் மாநகரக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே இளைத்துத் தெரியும். அதைக் கழித்தாலும் வித்தியாசம் சின்னதல்ல.

யார் வாக்களிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் படித்தவரும் வசதியுள்ளவரும்தான் அதிகம் வாக்களிக்கிறார்கள். இங்கே வரிசையில் நிற்பது நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாதான். "காசு வாங்கிக்கிட்டுத்தானே போறாங்க" என்று படித்தவர்கள் முகம் சுழிப்பார்கள். காசு வாங்காதவர் வீட்டில் படுத்திருந்தால் லாபம் யாருக்கு?

அந்த அம்மாவுக்கு ஓட்டு என்றைக்கும் இருந்ததல்ல. சோழர் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலில் ஓலையில் பெயர் எழுதப்பட வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் காலத்திலும் சொத்து, வரி பார்த்துத்தான் வாக்குரிமை. வயதுவந்த எல்லோருக்கும் என்று ஆனது 1951-52 பொதுத்தேர்தலில். 21 வயது 18 ஆனது 1989இல்.

இப்படி வந்த உரிமையோடு நாளை நீங்கள் கோவைக்கோ பெங்களூருக்கோ போவீர்கள். பெயர் இங்கே, ஆள் அங்கே. அங்கேயே தங்குவதானால் படிவம் 8 நிரப்பிப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பெயரே சேர்க்காதவர்களுக்குப் படிவம் 6.

ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் பின்னலுக்கும் தையலுக்கும் போனவர் ஓட்டுப் போட வராததும், நீங்கள் வராததும் ஒன்றல்ல. அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் செலவு வேறு. இத்தனைக்கும் வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்கும் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான், யார் பயப்படுவார்கள்?

உங்களில் பலர் நாளை சூப்பர்வைசராக, மேலாளராக உட்காரப்போகிறீர்கள். அந்த ஒரு நாள் விடுமுறையை உங்களிடம் வேலை செய்பவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள்.