கார்புரேட்டருக்குக் குலத்தொழில் கிடையாது

(திருப்பூரில் இளைஞர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



திருப்பூர் பனியன் கப்பலேறிப் போவது எல்லோருக்கும் தெரியும். கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுத்துணி எங்கே போகிறது? 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் மூட்டை மூட்டையாக மெக்கானிக் பட்டறைகளுக்குப் போகிறது. அந்தத் துணியில் கிரீஸ் துடைக்கிற கையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கட்டிங் பீஸ் மூட்டையோடு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகும் டிவிஎஸ் மொபெட் அவிநாசி சாலையில் நின்றுவிடுகிறது. பிளக்கில் கரி பிடித்திருந்தால், ஓட்டுகிறவர் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்து மாட்டுவார். ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி, இன்ஜின் வேகத்தை ஏற்றிவைத்து ஊர்ந்தே போய்ச் சேர்வார். டேங்கில் ஊசி ஓட்டை விழுந்தால் குளியல் சோப்பை அழுத்தி அடைப்பார். தண்ணீரில் கரையும் சோப்பு பெட்ரோலில் கரையாது. ரேடியேட்டர் ஒழுகினால் லாரிக்காரர்கள் மஞ்சள்தூளைப் போடுவார்கள். தூள் ஓட்டையில் போய்ப் படிந்து அடைக்கும். எல்லாம் பட்டறை போய்ச் சேரும்வரைதான். பிரேக்கில் மட்டும் இந்த வேலை வேண்டாம் என்பார்கள் அனுபவப்பட்டவர்கள். எது தாங்கும், எவ்வளவு தூரம் தாங்கும் என்கிற அந்தக் கணக்குக்குப் பெயர் பொறியியல் இல்லாமல் வேறென்ன?

இதை 'ஜுகாட்' என்று கொண்டாடி 2012இல் நிர்வாகவியல் புத்தகமே வந்தது. எனக்கு அந்தக் கொண்டாட்டம் ஒட்டவில்லை. சோப்பின் மேல் ஆசைப்பட்டா அவர் அதைத் தேய்க்கிறார்? நடைக்கு இவ்வளவு என்று கூலி. வண்டி நின்ற நேரத்துக்கு யார் காசு தருவார்கள்?

கொங்கில் இது பழைய கதை. மின்மோட்டார் வருவதற்கு முன் மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். சாலின் தோலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். ஊறிய தோல் கிழிந்தால் பாத்தி காய்வதற்குள் தைத்தாக வேண்டும். தையல் கிணற்று நீரின் பாரத்தைத் தாங்கவும் வேண்டும். அந்தத் தொழில்நுட்பத்துக்குக் கிடைத்தது தானியக் கூலியும் தீண்டாமையும்தான்.

அதே வட்டாரத்தில் 1893இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டிக் கற்றவர். ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவியோடு 1920இல் பொள்ளாச்சி–பழனி பேருந்து ஓட்டினார். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை, பெரியாரின் நண்பர் வேறு! என் கேள்வி கடனைப் பற்றியது. அதே கைத்திறனோடு சக்கிலியர் தெருவிலிருந்து ஒருவர் போயிருந்தால் பேருந்து வாங்க யார் பணம் கொடுத்திருப்பார்கள்? திருப்பூரில் கவுண்டர் முதலாளிகள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணமாக 'உழைப்பை'ச் சொல்வதை ஷரத் சாரி 2004இல் ஒரு நூலாகவே ஆராய்ந்தார். உழைத்தவர்கள் எல்லோருக்கும் அது மூலதனமாக மாறவில்லை.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள். செருப்புத் தைப்பவர் இருக்கிறார், முடிதிருத்துபவர் இருக்கிறார், சலவைத் தொழிலாளி இருக்கிறார். மெக்கானிக் இல்லை! ஏன் என்று யோசியுங்கள். கார்புரேட்டரைக் கழற்று என்று எந்த மனுவும் எந்தச் சாதிக்கும் எழுதிவைக்கவில்லை. அப்பன் தொழிலை விட்டு ஓடிவரும் பையன் ஸ்பேனரைப் பிடிக்கலாம். அந்தத் திட்டமோ அவனை அப்பனின் ஊசிக்கே திருப்பி அனுப்பப் பார்க்கிறது. குலத்தொழிலை ஊக்குவிக்கிறது என்று தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது சரியான முடிவு.

மறுத்தால் மட்டும் போதுமா? பட்டறையில் பத்து வருடம் வேலை கற்றவரிடம் ஐடிஐ சான்றிதழ் இருக்காது. வங்கியில் கேட்கும் அடமானத்துக்கு நிலமும் இருக்காது. கைவேலையைச் சோதித்துச் சான்றிதழ் கொடு, அடமானம் இல்லாமல் கடன் கொடு என்று நாம் கேட்க வேண்டும்.

உங்கள் வண்டியை விடும் பட்டறையில் முதலாளி யார், வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் யார், இடம் யாருடையது என்று விசாரித்துப் பாருங்கள். தெரிந்ததை எனக்கும் சொல்லுங்கள். அந்தக் கணக்கைத்தான் இப்போது தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.