துன்பத்தை ஒப்புக்கொடுத்தல்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஆண்டவருக்கு ஒப்புக்கொடு." இச்சொற்களைக் கேளாமல் வளர்ந்த கத்தோலிக்கர் நம்முள் ஒருவரும் இரார். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும், நாள் முழுதும் நாற்று நட்டு இடுப்பு நோவுடன் திரும்பிய பெண்ணுக்கும், கணவனை இழந்தவளுக்கும் நம் பாட்டிமார் சொல்லிய ஆறுதல் அதுவே. இன்று நமக்குக் குறித்துத் தரப்பட்ட பொருளும் அதுவே. கிறிஸ்தவரல்லாத உறவினரும் இங்கு அமர்ந்திருக்கின்றனர்; அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். பின்னர்ச் சொல்லப்போவது அவர்களுக்கும் அயலானதன்று.

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. கிறிஸ்து சிலுவையில் செலுத்திய பலி ஒன்றே. அதில் குறை ஏதுமில்லை. ஆயினும், கிறிஸ்துவின் பாடுகளில் குறைவாயுள்ளதைத் தம் உடலில் நிறைவு செய்வதாகப் புனித சின்னப்பர் கொலோசெயருக்கு எழுதுகிறார். மீட்பு அரைகுறையாய் நின்றது என்பது இதன் பொருளன்று. அப்பாடுகளில் பங்குகொள்ள நமக்கும் இடம் விடப்பட்டிருக்கிறது என்பதே பொருள். திருப்பலியில் குருவானவர் இரசத்தில் ஒரு துளி நீரைக் கலப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் துளி நாம். கலந்த பின் அதைத் தனியே பிரித்தெடுக்க எவராலும் இயலாது.

மாணவர்கள் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், புனித சவேரியார் திருநாளன்று, பிரான்சு நாட்டில் வால்ஸ் என்னும் ஊரில், கோத்ரலே என்னும் சேசு சபைக் குரு தம் மாணவர்களிடம் பேசினார். தொலைநாடுகளுக்குச் சென்று மறைபணி செய்யத் துடித்துக்கொண்டிருந்த அவ்விளைஞர்களுக்குப் புத்தகமும் பாடமும் சலித்துப் போயிருந்தன. நீங்கள் இப்போது செய்யும் படிப்பையே, அதன் சலிப்போடும் களைப்போடும் சேர்த்து, நாள்தோறும் இறைவனுக்குக் காணிக்கையாக்குங்கள் என்று அவர் அறிவுறுத்தினார். நம் இல்லங்களில் விடியற்காலையில் சொல்லப்படும் காணிக்கைச் செபம் உலகெங்கும் பரவியது அங்குத் தோன்றிய இயக்கத்தினால்தான். பகலில் கூலிக்குச் சென்று இரவில் விழித்திருந்து தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள், தம் கண்ணெரிச்சலும் ஒரு காணிக்கையே என்று அறிந்துகொள்வார்களாக.

ஆயினும், இந்த அரிய போதனை நம் மக்களிடையே வேறொரு வேலைக்கும் பயன்பட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வுரை பொய்யுரையாகும்.

நம் இளமையில், நாம் வளர்ந்த ஊர்க் கோவிலில் நம்மவர்க்கெனத் தனிப் பக்கம் இருந்தது. நம் சிறுவர் எவரும் பீடத்தில் பூசைக்கு உதவியதில்லை, வாசகம் வாசித்ததில்லை. காணிக்கைப் பவனியில் அப்பத்தையும் இரசத்தையும் நம் கைகள் ஏந்தியதில்லை. இறந்த பிறகும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர். அக்கோவிலில்தான் ஒரு தவக்காலத்தில் பிரசங்கியார் நம் பக்கம் திரும்பி, "இந்த அவமானத்தைச் சேசுவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள், மோட்சத்தில் முடி கிடைக்கும்" என்றார். நம் தாய்மார் கண்ணீர் வடித்துத் தலையசைத்தனர். அப்பத்தை எடுத்துச் செல்ல அனுமதியில்லாத கைகளிடம் அவமானத்தை மட்டும் எடுத்து வரச் சொன்னார்களே என்ற எண்ணம் நெடுங்காலம் கழித்தே நமக்கு எழுந்தது.

கோவிலுக்கு வெளியேயும் இதே நிலைதான். 1950-ஆம் ஆண்டு அட்டவணைச் சாதியினர் ஆணை மதத்தைக் காட்டி நம்மை விலக்கியது. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. உதவித்தொகை கிட்டாமல் படிப்பை நிறுத்திய பிள்ளையிடமும் "ஒப்புக்கொடு" என்றே சொல்லப்பட்டது.

எனவே வேறுபாடு ஒன்றை நாம் அறிதல் வேண்டும். நோயும், முதுமையும், அன்புக்குரியோரின் சாவும், நாமே விரும்பி மேற்கொண்ட உழைப்பின் களைப்பும் நம் கையில் உள்ளவை. அவற்றை மனமுவந்து கொடுக்கலாம். ஆனால் ஒருவன் நமக்கு இழைக்கும் அநீதி அவனுடைய பாவம். அவனுடைய பாவத்தை நாம் எவ்வாறு பலிப்பொருளாக்குவது? அதனால் நம் நெஞ்சில் எழும் வேதனையை ஒப்புக்கொடுக்கலாம். அநீதியையோ எதிர்த்தே ஆக வேண்டும். இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நாளில் நிகழக் கூடியவையே.

இது நம் சொந்தச் சரக்கன்று. கெத்செமனியில் ஆண்டவர் துன்பக் கிண்ணத்தை உடனே வாங்கிக் குடித்துவிடவில்லை. அது அகலுமாறு முதலில் மன்றாடினார். தலைமைக் குருவின் முன் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் பேசியது சரியென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். சிலுவையைச் சுமக்கப் போகிறவரே அக்கேள்வியைக் கேட்டார் என்பதை நம் பிரசங்கிமார் அதிகம் எடுத்துரைப்பதில்லை. கொலோசெயருக்கு எழுதிய சின்னப்பரும் பிலிப்பு நகரில், விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள் தம்மை இரகசியமாக விடுவிக்க முனைந்தபோது, அவர்களே நேரில் வந்து அழைத்துச் செல்லட்டும் என்று உரோமைக் குடியுரிமையை எடுத்துக்காட்டி மறுத்து நின்றார். அவர்கள் வந்தார்கள்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் துன்பத்தைப் பற்றி 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் ஒரு திருமடல் வெளியிட்டார். இளமையில் கல்லுடைக்கும் குழியில் வேலை செய்தவர். 1981-இல் குண்டடி பட்டவர். கொலோசெயர் வசனத்தோடு தொடங்கும் அம்மடல் நல்ல சமாரியனையும் நம் முன் நிறுத்துகிறது. துன்புறுபவன் தன் துன்பத்தால் நன்மை செய்யலாம். அவனைக் காண்பவன் அத்துன்பத்தை நீக்க வேண்டும். அடிபட்டுக் கிடப்பவனிடம் ஒப்புக்கொடு என்று சொல்லிவிட்டு அப்பால் கடந்து போக உவமையில் எவனுக்கும் அனுமதியில்லை. அதே திருத்தந்தை 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசியபோது, சாதிப் பாகுபாடு மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளமென்று கடிந்துரைத்தார்.

நம் தாய்மார் அன்று வடித்த கண்ணீர் வீணாயிற்று என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்ததை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்றே நம்புகிறோம். கொடுக்கச் சொன்னவர்களிடம் அவர் என்ன கேட்டிருப்பார் என்பதை அவர்களே அறிவர்.

இக்கூட்டம் முடிந்ததும் மாலை ஐந்தரை மணிக்குத் திருப்பலி. காணிக்கைப் பவனியில் அப்பத்தையும் இரசத்தையும் நம் இரவுப் பள்ளி மாணவியர் இருவர் ஏந்திச் செல்வர். அவர்களுக்குப் பின்னால், இவ்வாண்டு தேர்வில் தவறியவர்களும் தேறியவர்களும் தங்கள் பாடப்புத்தகங்களோடு வருமாறு வேண்டுகிறோம். தாய்மார்கள் முன்வரிசையில் அமர்வார்களாக.